வெள்ளை பம்பரும் ஆயுத பூஜையும்

காருக்கு பாடி கிட் போட எவ்வளவு ஆச்சு என்று கேட்டு அடிக்கடி யாராவது எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். எல்லாம் இருபது, இருபத்திரண்டு வயசுப் பிள்ளைகள். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் ஒரு கார் உள்ளே வந்தால் எதிரில் வரும் கார் பின்னால்தான் போகவேண்டும். அந்த அகலத்தில் சுவரை ஒட்டி நிற்கும் என் வெள்ளை வண்டியை முன்னால் குனிந்து, பின்னால் குனிந்து பார்த்து, போட்டோவும் எடுத்துக்கொண்டுதான் தட்டுவார்கள். நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு நான் வந்து நின்றதும், "அண்ணன் இல்லீங்களா ஆன்ட்டி?" என்பார்கள். எந்த அண்ணன்? வண்டி என்னுடையது, ஓட்டுவது நான், கிட் போட ஆசைப்பட்டதும் நான். அதைக் கேட்டு அவர்கள் முழிக்கிற முழியைப் பார்க்கவே செலவழித்த காசு தகும் என்று எனக்குச் சில நாள் தோன்றும்.

எனக்கு நாற்பத்தேழு வயது. தட்டாஞ்சாவடி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர் வேலை. ஒரே மகள், வெளியூரில் படிக்கிறாள். காரில் ஏறினாலே வாந்தி எடுப்பவள் என்பதால் அவளை இந்தக் கதையில் இழுக்கவேண்டிய அவசியம் இல்லை. மீதி இருப்பது என் கணவர். அரசாங்க ஆபீஸ் ஒன்றில் கிளார்க். நல்ல மனுஷன், சமையலில்கூடக் கை கொடுப்பார். ஆனால் கார் என்று வந்துவிட்டால் அவர் வேறு ஆள்.

சில வருடங்களுக்கு முன் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தோம். நாலைந்து நாளிலேயே அவர் வண்டியைக் கொண்டுபோய் ஓர் இளநீர்த் தள்ளுவண்டியில் முட்டினார். இளநீர்க்காரர் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி நாலு வார்த்தை சொன்னார். அதோடு என் கணவருடைய பயிற்சி முடிந்தது. மறுநாள் முதுகு வலி என்றார். அந்த முதுகு வலி இன்றுவரை காருக்கு மட்டும்தான் வருகிறது, ஸ்கூட்டருக்கு வருவதே இல்லை. நான் லைசென்ஸ் வாங்கினேன். சேர்த்து வைத்திருந்த சீட்டுப் பணத்தில் பழைய சின்ன கார் ஒன்றும் வாங்கினேன்.

வாங்கிய அன்று அவர் சந்தோஷமாக ஆபீஸ் முழுக்க லட்டு கொடுத்தார். "சார் கார் வாங்கிட்டாரு" என்று ஆகிவிட்டது. யார் ஓட்டுவது என்று அங்கே யாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. வினையே அங்கேதான் ஆரம்பித்தது. நான் ஓட்ட, இவர் பக்கத்தில் உட்கார்ந்து போவதை ஆபீஸ்காரர்கள் யாராவது பார்த்துவிட்டால்? அதனால் ஊருக்குள் எந்த விசேஷமானாலும், "நீ முன்னாடி போ, நான் வண்டியில வந்துடறேன்" என்பார். ஒரே வீட்டிலிருந்து ஒரே கல்யாணத்துக்கு நான் காரிலும் அவர் ஸ்கூட்டரிலும் போவோம். நான் ஏசி போட்டுக்கொண்டு போய் இறங்குவேன், அவர் பட்டுவேட்டியெல்லாம் புழுதியாக வந்து சேருவார்.

தூரப் பயணம் என்றால் ஏறுவார், ஆனால் பின்சீட்டில். கால் நீட்ட வசதியாம். கடலூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நான் வண்டியை நிறுத்தியதும் அவர் பின்கதவைத் திறந்து இறங்கினார். வாட்ச்மேன் அவருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு என்னிடம் வந்து, "டிரைவருங்களுக்குச் சாப்பாடு அந்தப் பக்கம்மா, பொம்பள டிரைவருன்னா தனியா இல்ல, எல்லாம் ஒண்ணுதான்" என்றார். பக்கத்தில் நின்ற சொந்தக்காரர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எனக்கு வேண்டியிருந்தது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க, அவர் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வரவேண்டும். அவ்வளவுதான். அதைக் கேட்டு வாங்கவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தண்ணி கேன் போடும் ஆட்டோ ஒன்று ரிவர்ஸில் வந்து என் முன் பம்பரின் ஒரு மூலையைப் பெயர்த்துவிட்டது. "பேசாம வித்துடலாமே" என்றார் கணவர். வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாகக் கடற்கரைப் பக்கம் போனேன். புல்வார் என்று சொல்கிற பழைய பிரெஞ்சுப் பகுதிக்குள் ஒரு தெருவில் வெளியூர் வண்டி ஒன்று நின்றிருந்தது. அழகான வண்டி. முன்னால் தாழ இறங்கிய பம்பர், அதன் கீழே உதடு மாதிரி ஒரு பட்டை, கதவுகளுக்குக் கீழே இரண்டு பக்கமும் நீளப் பலகை, பின்னால் இறக்கை மாதிரி சின்ன ஸ்பாய்லர். இந்த மொத்த அலங்காரத்துக்குத்தான் பாடி கிட் என்று பேர். பின்பக்கம் பெயரைப் படித்த பிறகுதான் அது என்னுடைய மாடலேதான் என்று தெரிந்தது. கல்யாணத்துக்குக் கிளம்பி நிற்கும் என் வண்டி அது. எப்படியும் பம்பர் மாற்றத்தானே போகிறோம், மாற்றுவதை இப்படி மாற்றினால் என்ன என்று அங்கேயே முடிவு பண்ணிவிட்டேன்.

தட்டாஞ்சாவடியில் எங்கள் கம்பெனிக்குப் பின்தெருவில் டிங்கரிங், பெயிண்டிங் ஷெட் ஒன்று இருக்கிறது. அதை நடத்துபவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வாயில் எப்போதும் ஏதாவது மென்றுகொண்டே பேசுவார். நான் போட்டோவைக் காட்டியதும், "பையன் ஆசைப்படறானாக்கா?" என்றார்.

"இல்ல, நான்தான் ஆசைப்படறேன்."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். பிறகு மிக மரியாதையாக ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். பாடி கிட்டின் விலைவாசி எனக்கு அங்கே புரிய ஆரம்பித்தது.

கிட் இரண்டு வகை. ஃபைபர் கிட் மலிவு, பதினைந்தாயிரத்துக்கே கிடைக்கும். ஆனால் அளவு சரியாக இருக்காது. ஒரு பக்கம் தேய்த்து, ஒரு பக்கம் பட்டி வைத்து, இழுத்துப் பிடித்து ஸ்க்ரூ போடவேண்டும். ஒரு இடி இடித்தால் அப்பளம் மாதிரி நொறுங்கிவிடும். பிளாஸ்டிக் கிட் அதைப்போல ஒன்றரை மடங்கு விலை, ஆனால் வளைந்து கொடுக்கும். நான் பிளாஸ்டிக்கே போடச் சொன்னேன். "மாட்டறதுக்கு ஒரு அஞ்சாயிரம் ஆவும்" என்றார். சரி. "பெயிண்ட் தனி" என்றார். அது என்ன தனி, கிட் கலரில்தானே வரும் என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். கிட் கறுப்பாகத்தான் வருமாம். மேலே பிரைமர், அதன்மேல் கலர், அதன்மேல் பளபளக்க கிளியர் கோட். என்னுடையது சாதா வெள்ளை இல்லை, முத்து வெள்ளையாம். அதற்கு நடுவில் இன்னொரு கோட் அடிக்கவேண்டுமாம். ஒவ்வொரு கோட்டுக்கும் காசு.

அதோடு விட்டதா? புது வெள்ளையைக் கொண்டுவந்து பழைய வண்டியோடு சேர்த்துப் பிடித்துக் காட்டினார். பல வருடம் புதுச்சேரி வெயிலிலும் உப்புக் காற்றிலும் நின்ற என் வெள்ளை, வெள்ளையே இல்லை, பால் ஊற்றின டீ. அப்படியே மாட்டினால் பொய்ப்பல் கட்டினது மாதிரி தனியாகத் தெரியும். அதனால் பக்கத்துப் பாகங்களுக்கும் லேசாக அடித்துக் கலந்துவிடவேண்டும் என்றார். கலக்கிறதுக்கும் காசு. கிட் விலையும் பெயிண்ட் விலையும் கிட்டத்தட்ட சமமாக வந்து நின்றது. நான் புடவை எடுத்துவிட்டு ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போது படுகிற அதே எரிச்சல்.

கடைசியாக அவர், "பெயிண்ட் பூத்துல வெச்சு சூடு காட்டி எடுத்தா பெயிண்ட் சீக்கிரம் செட் ஆவும்க்கா, பூத்து வேற இடம், தனி ரேட்டு" என்றார். அங்கேதான் எனக்குள் இருந்த மிச்சம் பிடிக்கிறவள் எழுந்தாள். வெயில் இவ்வளவு அடிக்கிறது, தானாகக் காயாதா என்றேன். "காயும். ஆனா முழுசா செட் ஆவ மாசக்கணக்குல ஆவும். அதுவரைக்கும் கவர் போடாதீங்க, ஸ்டிக்கர் ஒட்டாதீங்க, சோப்பு போட்டுக் கழுவாதீங்க." எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பூத் வேண்டாம் என்றும் மற்றதெல்லாம் சேர்த்து ஐம்பதாயிரத்தைத் தொட்டது. என் போனஸ் பணம், என் ஓவர்டைம் பணம். யாருக்கும் பதில் சொல்லவேண்டியதில்லை என்று தைரியமாக வீட்டுக்குப் போனேன்.

"ஐம்பதாயிரமா?" என்றார் கணவர். "இந்த வயசுல எதுக்கும்மா இது? ஊர்ல என்ன பேசுவாங்க?"

"என்ன பேசுவாங்க?"

"எந்த காலேஜ் பையன் வண்டின்னு பேசுவாங்க."

"பேசட்டும். உங்களுக்கு என்ன, நீங்கதான் அதுல ஏறப்போறதே இல்லையே."

அவர் மாடிக்குப் போய்க் காய்ந்த துணியை எடுத்தார். சொன்னது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் வருத்தப்படவில்லை.

ஆயுத பூஜைக்கு முன்னால் எந்த டிங்கரிங் ஷெட்டிலும் கால் வைக்க முடியாது. ஊரில் இருக்கிற லாரி, வேன், ஆட்டோ எல்லாம் பூஜைக்குப் புதுசாக நிற்கவேண்டும் என்று வரிசை கட்டும். அந்த நெருக்கடியிலும் பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் என் வண்டி தயாராகிவிட்டது. நான் போனபோது ஷெட் வாசலில் பளபளவென்று நின்றது. சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். பெண் பிறந்தபோது இப்படிப் பார்த்ததாக ஞாபகம்.

வீட்டுக்கு எடுத்துவரும்போதுதான் கிட்டின் இன்னொரு செலவு தெரிந்தது. வண்டி தரையோடு தாழ்ந்துவிட்டது. எங்கள் ஊரில் வேகத்தடை என்பது தெருவுக்குத் தெரு அவரவர் ஆசைக்குக் கட்டிக்கொள்வது. சில இடத்தில் பாதி ஆள் உயரத்துக்கு சிமென்ட் குவித்திருப்பார்கள். நேராக ஏறினால் அந்த உதடு சிமென்ட்டில் உரசி 'கர்ர்' என்று சத்தம் வரும். குறுக்காக, ஒரு சக்கரம் முதலில், அடுத்த சக்கரம் பிறகு என்று சாய்த்து ஏற்றினால் தப்பிக்கலாம். ஆனால் அதற்கு ரோட்டின் முழு அகலமும் வேண்டும். எதிரில் வருகிறவன் நிற்கவேண்டும், பின்னால் வருகிறவன் பொறுக்கவேண்டும். நம் ஊரில் நடக்கிற காரியமா? ஏழெட்டு பேரிடம் திட்டு வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் கம்பெனியில் பூஜை. கட்டிங் மெஷினிலிருந்து ஸ்டேப்ளர் வரைக்கும் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி பங்கு போட்டுக் கொடுப்பது வரை என் பொறுப்பு. எஸ்டேட் புழுதியில் புதுப் பெயிண்ட்டை நிறுத்த மனசு வராமல் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு, கூட வேலை செய்யும் பெண்ணின் ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டு போனேன். எங்கள் வீட்டு வழக்கம் என்னவென்றால், அவர் தன் ஸ்கூட்டருக்குப் பூஜை போடுவார், கார் பக்கம் போகமாட்டார். சாயங்காலம் வந்து காருக்கு நானே பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டிவிடுவேன். கார் வாங்கினது முதல் அப்படித்தான்.

மத்தியானம் தெருமுனையில் இறங்கியதுமே தெரிந்தது. காருக்கு மாலை போட்டிருந்தது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். பானெட்டில் வாழைக்கன்று. முன் பம்பர் முழுக்க, இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை, சந்தனத்தைக் குழைத்து வட்டம் வட்டமாக வைத்து, ஒவ்வொன்றின் நடுவிலும் ஈரக் குங்குமம். பக்கப் பலகைகளிலும் அதே. பின்னாலும் அதே. கதவில் விபூதிப் பட்டை. வாசலில் என் கணவர் சட்டையில்லாமல், நெற்றி நிறைய விபூதியோடு, பத்து விரலும் சிவப்பாக, முகம் கொள்ளாத சிரிப்போடு நின்றிருந்தார்.

"எப்படி இருக்கு?" என்றார்.

நான் ஓடிப்போய் பம்பரில் ஒரு பொட்டை ஈரத்துணியால் துடைத்தேன். சந்தனம் வந்தது. குங்குமம் வரவில்லை. முத்து வெள்ளைக்கு உள்ளே ரோஜா நிறத்தில் ஒரு வட்டம் உட்கார்ந்திருந்தது. அடுத்ததைத் துடைத்தேன், அங்கேயும். காலையிலிருந்து வெயிலில் காய்ந்து, செட் ஆகாத பெயிண்ட்டுக்குள் சாயம் இறங்கியிருந்தது. கவர் போடாதே என்றார், ஸ்டிக்கர் ஒட்டாதே என்றார். பொட்டு வைக்காதே என்று அந்த மனுஷன் சொல்லவில்லையே. ஆயுத பூஜைக்கு வண்டியைக் கொடுக்கிறவருக்கு அதைச் சொல்லத் தோன்றியிருக்கவேண்டாமா? கேட்கத் தோன்றாத எனக்கும்தான் புத்தி எங்கே போனது?

கத்தினேன். தெருவே கேட்டிருக்கும். என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. ஷெட்காரருக்குப் போட்டோ அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் குரல் பதிவு வந்தது. பின்னால் ஷெட்டில் யாரோ சிரிக்கிற சத்தமும் கேட்டது. "அக்கா, இன்னாக்கா இது, துடைச்சா போவாதுக்கா. தேய்ச்சு எடுத்து மறுபடி அடிக்கணும். பம்பருக்கும் சைடுக்கும் சேர்த்து ஒரு பத்தாயிரம் ஆவும். பூஜை லீவு முடிஞ்சு எடுத்துட்டு வாங்க. இந்தத் தடவ பூத்துல வெச்சிடலாம்."

கணவரும் அதைக் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து ஸ்டூலைப் போட்டுக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"காலையில ஸ்கூட்டருக்குப் போட்டுட்டு இருந்தேன். பக்கத்துல அது நின்னுது. புதுசா, பொட்டு இல்லாம. பார்க்கவே ஒரு மாதிரி இருந்துச்சு. இத்தன வருஷமா நான் அதுக்கு ஒண்ணுமே செஞ்சதில்லையேன்னு தோணுச்சு. அதான்." பிறகு, "பத்தாயிரத்த நான் குடுத்துடறேன்" என்றார்.

என் கோபம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. விரல் சிவப்பை அவர் வேட்டியில் தேய்த்துக்கொண்டே இருந்தார். அழவேண்டும் போலவும் சிரிக்கவேண்டும் போலவும் இருந்தது.

"காசு வேணாம்" என்றேன். "ஷெட்டுக்குக் கூட வாங்க."

"ஸ்கூட்டர்லயா?"

"முன்சீட்டுல."

லீவு முடிந்த அன்று காலையில் அவர் அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு, ஆபீஸுக்குப் போகிற மாதிரி தலைவாரி, முன்கதவைத் திறந்து ஏறினார். சீட்டை எப்படிப் பின்னால் தள்ளுவது என்று தெரியாமல் முட்டி டேஷ்போர்டில் இடிக்க உட்கார்ந்திருந்தார். நான்தான் குனிந்து தள்ளிக் கொடுத்தேன்.

அவர் எண்பத்தைந்து கிலோ. முதல் வேகத்தடையிலேயே உதடு உரசியது. இரண்டாவதிலும் உரசியது. "என்ன சத்தம்?" என்றார். "நீங்க ஏறினதால வண்டி இன்னும் இறங்கிடுச்சு" என்றேன். மூன்றாவது வேகத்தடை அவர் ஆபீஸுக்கு எதிரில் இருக்கிற டீக்கடை வாசலில். அந்த வழியில் இருப்பதிலேயே உயரமானது. காலை பத்து மணி, அவர் ஆபீஸ் பாதி அங்கே கிளாஸும் கையுமாக நின்றிருந்தது. நான் வண்டியை நிறுத்தினேன். வேறு வழியில் திருப்பிக்கொள்ளலாமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் கதவைத் திறந்து இறங்கிவிட்டார்.

இறங்கினவர் அப்படியே நடந்துபோய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் வண்டிக்கு முன்னால் போய், வேகத்தடை பக்கத்தில் குனிந்து பம்பரைப் பார்த்தார். நிமிர்ந்து, எதிரில் வந்த ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினார். "லெஃப்ட்ல ஒடிச்சு குறுக்கா வா" என்று எனக்குச் சைகை காட்டினார். டீக்கடையிலிருந்து ஒருவர், "என்ன சார், கார் உங்களுதுதானே? நீங்க ஓட்டலியா?" என்றார்.

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்க" என்றார் என் கணவர், சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே. "எங்க வீட்லதான் ஓட்டுவாங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பம்பர் திரும்பும்."

கண்ணீர் என் கண்ணை மறைத்துவிட்டது. க்ளட்ச்சிலிருந்து கால் நழுவி, வண்டி ரோட்டின் குறுக்கே குலுங்கி நின்றது. பின்னால் வந்த டவுன் பஸ் ஹாரனை அமுக்கிப் பிடித்தது. அவர் ரோட்டின் நடுவில் நின்று இரண்டு கைகளையும் பஸ்ஸுக்கு எதிராக விரித்தார்.

"இருய்யா, எடுப்பாங்க" என்றார்.